நாயா? பூனையா?

ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். நாயின் படம். "இது என்ன?" என்று கேட்கிறார்கள். "நாய்" என்கிறார் பார்ப்பவர். அடுத்த படம் வருகிறது. நாயின் சாயல் ஒரு துளி குறைந்திருக்கிறது. அதற்கடுத்த படம், இன்னும் ஒரு துளி குறைகிறது. இப்படியே படத்துக்குப் படம் நாய் தேய்கிறது, பூனை வளர்கிறது. கடைசிப் படத்தில் இருப்பது நாயல்ல, முழுப் பூனை!

கேள்வி இதுதான்: பார்ப்பவர் எந்தப் படம் வரையில் "நாய்தான், நாய்தான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்?

சிலர் விரைவிலேயே, "ஏதோ மாறுகிறதே!" என்று புருவத்தை நெரிக்கிறார்கள். வேறு சிலரோ, முகம் முக்கால் பங்கு பூனையாகிவிட்ட பிறகும், முதலில் சொன்ன சொல்லை விட மனமின்றி, "நாய்தான்" என்று சாதிக்கிறார்கள்.

பொழுதுபோக்கு வேடிக்கை என்று எண்ணிவிட வேண்டாம். எல்சே பிரெங்கல்-பிரன்ஸ்விக் என்ற உளநூல் அறிஞர், 1949-ஆம் ஆண்டு எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையிலே விவரித்த சோதனை இது. வியன்னா பல்கலைக் கழகத்திலே பணிபுரிந்தவர் அந்த அம்மையார். யூதக் குடும்பத்திலே பிறந்தவர். 1938-இல் இட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும், நாட்டைத் துறந்து அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பிற இனத்தாரை வெறுக்கும் மனம் படைத்தோரே நாயைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தனர் என்று அவர் கண்டார். ஒன்று வெள்ளை, இன்றேல் கறுப்பு. இடையிலே எதுவும் இருத்தலாகாது என்று துடிக்கும் மனம் அது. புரியாத நிலையைப் பொறுத்துக்கொள்ள மாட்டாத மனம் என்று அதற்கு விளக்கமும் தந்தார்.

படத்தைப் பார்க்கும் கண்ணுக்கும், பெட்டியிலே வாக்கைப் போடும் கைக்கும் உறவு உண்டு என்பதுதான் இந்த ஆராய்ச்சியின் உட்பொருள். மனிதனின் சுபாவம் எப்படியோ, அப்படியே அவனது அரசியலும் அமையும் என்கிறார்கள்.

அப்படித்தானா? அப்படித்தான் என்றால், மேடை ஏறி மணிக்கணக்கில் பேசுகிறோமே, எதற்காக? ஏட்டிலே பத்தி பத்தியாக எழுதுகிறோமே, யாருக்காக? முன்கூட்டியே முடிவாகிவிட்ட மனத்தின் முன்னே வாதம் என்ன செய்யும்? "பிறவிக் குணம் பொங்கலிட்டாலும் போகாது" என்று பழமொழி பேசிவிட்டு, ஒலிபெருக்கியை மூட்டை கட்டிவிடலாமே! பேச்சையும் எழுத்தையும் தொழிலாகக் கொண்ட நமக்கு இது வெறும் ஏட்டு ஆராய்ச்சியல்ல; நம் வேலைக்குப் பொருளுண்டா இல்லையா என்ற கேள்வி. ஆகவே ஆர அமர நோக்குவோம்.

முதலில், ஆராய்ச்சிக்கு உரிய மரியாதையை அளித்துவிடுவோம். அந்த அம்மையாரும், தியோடர் அடார்னோ, டேனியல் லெவின்சன், நெவிட் சான்போர்டு ஆகிய மூவரும் சேர்ந்து 1950-இல் ஒரு பெருநூலை வெளியிட்டனர். ஏறத்தாழ ஆயிரம் பக்கம். அடக்குமுறையை நாடும் ஆளுமை எப்படி உருவாகிறது என்பதே நூலின் பொருள். அடார்னோவும் இட்லர் ஆட்சியால் வேலையும் நாடும் இழந்தவர்தான். அவர்கள் நெஞ்சைக் குடைந்த கேள்வி நேர்மையானது: இசைக்கும் தத்துவத்துக்கும் பேர்போன ஜெர்மனி, கற்றோர் நிறைந்த ஜெர்மனி, ஒரு வெறியனின் கூச்சலுக்குப் பின்னால் எப்படி அணிவகுத்தது? அவனுக்குக் கைதட்டிய கோடிக்கணக்கான கைகள் எங்கிருந்து வந்தன? அத்தகைய கைகள் அமெரிக்காவிலும் உண்டோ?

இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்களிடம் வினாப்பட்டியலை நீட்டினர். பெரியோருக்கு அடங்கி நடப்பதே குழந்தைக்கு முதற்பாடமா? நாட்டுக்குத் தேவை சட்டதிட்டங்களா, அஞ்சாத தலைவர்களா? இவ்வகைக் கூற்றுகளுக்கு "ஆம்" என்போருக்கு மதிப்பெண் ஏறும். மதிப்பெண் மிகுந்தவர், பாசிசத்துக்குத் தலையாட்டக் காத்திருப்பவர் என்பது கணக்கு. கண்டிப்பும் அச்சமும் நிறைந்த வீட்டிலே வளர்ந்த பிள்ளை, வலியவனைக் கண்டால் வணங்கவும் எளியவனைக் கண்டால் மிதிக்கவும் கற்றுக்கொள்கிறது என்று அவர்கள் விளக்கம் தந்தனர்.

கேட்கும்போதே, "ஆமாம், இப்படிப்பட்டவர்களை நாமும் அறிவோமே!" என்று தோன்றுகிறதல்லவா? அங்கேதான், தோழர்களே, நாம் விழிப்பாக இருக்க வேண்டும். எதிரியைப் பழிக்கும் ஆராய்ச்சி எப்போதும் இனிக்கும்!

நான்கே ஆண்டுகள் கழிந்தன. 1954-இல் அந்நூலையே உரைகல்லில் தேய்த்துப் பார்த்த கட்டுரைத் தொகுப்பு வெளிவந்தது. ஓட்டைகள் தெரிந்தன. வினாப்பட்டியலிலே "ஆம்" என்று சொன்னால் எப்போதும் ஒரே பக்கம்தான் மதிப்பெண் ஏறும். எதைக் கேட்டாலும் "ஆமாம், சரிதான்" என்று தலையாட்டும் பழக்கமுள்ளவரும், வெறியர் பட்டியலிலே சேர்ந்துவிடுவார். பின்னர் சிலர் அதே கூற்றுகளைத் தலைகீழாகத் திருப்பி எழுதிக் கேட்டனர். அதற்கும் "ஆம்" என்றனர் பலர்! இன்னொன்றும் தெரிந்தது: படிப்புக் குறைவானவர்களுக்கே இந்த அளவுகோலில் மதிப்பெண் மிகுதி. அப்படியானால் கோல் அளந்தது கொடிய உள்ளத்தையா, கிட்டாமற்போன கல்வியையா?

பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் நாம். கோட்டும் சூட்டுமாக ஒரு கனவான் காகிதமும் கையுமாக வந்து, பெரிய பெரிய வாக்கியங்களைப் படித்துக் காட்டி, "சரிதானே?" என்று கேட்டால், எங்கள் தெருவிலே எத்தனை பேர் "இல்லை" என்பார்கள்? மரியாதைக்காக "சரிங்க" என்பார்கள். அந்தச் "சரிங்க"வை எடுத்துக்கொண்டு போய், "இதோ பாசிஸ்டு!" என்று எழுதினால், அதன் பெயர் ஆராய்ச்சியா?

இது ஓர் ஓட்டைதான். இதைவிட வியப்பான வரலாறு ஒன்று உண்டு. பெர்க்லி நூலுக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னதாக, 1938-இல், ஜெர்மனியிலே வெளிவந்த ஒரு நூலைப் பாருங்கள். எழுதியவர் எரிக் யென்ஷ், மார்பர்க் பல்கலைக் கழகப் பேராசிரியர். சாதாரண ஆளல்ல, நாஜி ஆட்சியிலே ஜெர்மன் உளநூல் கழகத்தின் தலைவர். அவரும் மனிதரை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒரு வகை: பார்த்ததை உறுதியாகச் சொல்லும், சொன்னதை விடாது, தடுமாறாது. மற்றொரு வகை: ஒன்றை மற்றொன்றோடு கலக்கும், "இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம்" என்று நெகிழும்.

அம்மையார் கண்ட அதே இரு மனங்கள்தாமே! ஆம், ஏறத்தாழ அவையேதான். ஆனால் தீர்ப்பு? தலைகீழ்! உறுதியான வகைதான் உயர்ந்த ஜெர்மானியன், நாஜிக் கட்சிக்கு ஏற்ற மறவன் என்றார் யென்ஷ். நெகிழும் வகையோ சீரழிந்தது. யூதருக்கும் கலப்பினத்தாருக்கும் மக்களாட்சி பேசுவோருக்கும் உரியது என்றார். பெர்க்லியிலே "விறைப்பு" என்று பழிக்கப்பட்டது மார்பர்க்கிலே "உறுதி" என்று புகழப்பட்டது. பெர்க்லியிலே "திறந்த மனம்" எனப்பட்டது மார்பர்க்கிலே "சீரழிவு" எனப்பட்டது. கண்ட உண்மை ஒன்று. சூட்டிய பெயர் இரண்டு. பெயரைச் சூட்டியது ஆராய்ச்சியல்ல, அவரவர் நின்ற பக்கம்.

அந்தப் பேராசிரியர் அதோடும் நின்றாரா? மறு ஆண்டே, 1939-இல், கோழிப் பண்ணைக்குள் புகுந்தார்! வடநாட்டுக் கோழி நிதானமாக, குறி தவறாமல் தானியத்தைக் கொத்துகிறதாம். தென்னாட்டுக் கோழி அவசரப்பட்டுக் கொத்திக் குறி தவறுகிறதாம். ஆகவே மனித இனங்களின் உயர்வு தாழ்வுக்கு இதோ சான்று என்று, விலங்கியல்பு ஆராயும் ஏட்டிலே பக்கம் பக்கமாக எழுதினார். கோழி கொத்தியது தானியத்தைத்தான்; பேராசிரியர் கொத்தியது மனிதரை.

சிரிக்கிறோம். சிரித்துவிட்டு நம் ஊர்ப் பக்கமும் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்வது நல்லது. குணத்தைச் சொல்லி மனிதரை அடுக்கி வைக்கும் வித்தை நம் நாட்டுக்குப் புதிதன்று. சத்துவம், இராசசம், தாமசம் என மூன்று குணம் பேசி, அதையே நால்வகை வருணத்துக்குக் காரணம் காட்டி, "அவனவன் குணம் அது, அவனவன் இடம் இது" என்று கூறி வந்தவர்களை நாம் அறிவோம். ஆகவே "பிறவியிலேயே அவன் சுபாவம் அது" என்று யார் சொன்னாலும், எந்தப் பல்கலைக் கழகத்து முத்திரையோடு சொன்னாலும், ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுப் பார்ப்பது நம் கடமை.

"அது பழங்கதை; இக்காலத்திலே கணிப்பொறி இருக்கிறது, கணக்குத் தவறாது" என்று கூறுவோர் உண்டு. அவர்களுக்காக ஒரு புதுக்கதை.

2012-இல் அமெரிக்க அரசியல் ஆராய்ச்சி ஏடு ஒன்றில், வெர்ஜீனியாவைச் சேர்ந்த இரட்டையர் பலரிடம் திரட்டிய விடைகளைக் கொண்டு மூன்று அறிஞர்கள் கட்டுரை எழுதினர். ஐசென்க் என்ற பிரிட்டிஷ் உளநூலார் வகுத்த குணங்களிலே ஒன்று, மனக்கடுமையும் முரட்டுத் துணிச்சலும் கலந்தது; அதற்கு அவர் சூட்டிய பெயரே மனநோயை நினைவூட்டுவது. அந்தக் குணம் பழமை பேணுவோரிடம் மிகுதி என்றது கட்டுரை. மாற்றம் விழைவோர் மகிழ்ந்திருப்பார்கள். வேறு அறிஞர்கள் அதை எடுத்து மேற்கோள் காட்டினர். நான்காண்டு ஓடியது. 2016-இல் அதே ஏட்டில் ஒரு திருத்தம் வெளிவந்தது: "பொறுத்தருள்க. விடைகளைக் கணக்கில் ஏற்றும்போது பக்கம் மாறிவிட்டது. அந்தக் குணம் மிகுந்திருப்பது பழமை பேணுவோரிடமல்ல, மறுபக்கத்தாரிடம்" என்பது அதன் சாரம்!

நேர்மையாகத் திருத்தினார்களே, அதைப் பாராட்டுவோம். குணமே கொள்கையைப் பிறப்பிக்கிறது என்ற வாதத்தை மறுப்பதுதான் அந்தக் கட்டுரையின் முதல் நோக்கம். அந்த முடிவு திருத்தத்தால் மாறவில்லை என்பதையும் சொல்லிவிடுவோம். ஆனால் நான்காண்டுக் காலம் எத்தனையோ கற்றறிந்த கண்கள் அந்தப் பட்டியலைப் பார்த்தும், ஏன் எவருக்கும் ஐயம் எழவில்லை? பார்க்க விரும்பியதைப் பார்த்ததால் எழவில்லை. படம் பூனையாகியிருந்தது, பார்த்தவர்கள் "நாய்தான்" என்று படித்துக்கொண்டிருந்தார்கள்! விறைத்த மனம் எதிர்க்கட்சிக்காரனிடம் மட்டும் இருக்கும் நோயன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அப்படியானால் சுபாவத்துக்கும் அரசியலுக்கும் தொடர்பே இல்லையா? இல்லை என்று சொன்னால் நாமும் பொய் சொன்னவர்களாவோம். தொடர்பு உண்டு. அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் பலமுறை அளந்து கண்டிருக்கிறார்கள்: புதுமையை நாடும் இயல்பினர் சற்றே மாற்றக் கட்சியின் பக்கம் சாய்கிறார்கள், ஒழுங்கையும் முறையையும் விரும்பும் இயல்பினர் சற்றே பழமைக் கட்சியின் பக்கம் சாய்கிறார்கள். 2008-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியிலே மாணவர்களின் அறைகளையே போய்ப் பார்த்தார்கள். பழமை பேணுவோர் அறையிலே நாட்காட்டியும் தபால் தலையும் மிகுதியாம். மறுபக்கத்தார் அறையிலே பலவகைப் புத்தகங்கள் மிகுதியாம். நமது அலுவலக மேசையைப் பார்த்தால் எந்தக் கட்சியிலே சேர்ப்பார்களோ, தெரியவில்லை!

ஆனால் அந்தச் "சற்றே" என்ற சொல்லின் மீது கண் வையுங்கள். சாய்வு சிறியது. ஒருவன் குணத்தை மட்டும் கேட்டு அவன் கட்சியைச் சொல்லப் புகுந்தால், பலமுறை தோற்பீர்கள். பரபரப்பாகப் பேசப்பட்ட பெரிய முடிவுகள் சில, மீண்டும் சோதித்தபோது நிற்கவில்லை. 2008-இல் நெப்ராஸ்காவிலே 46 பேருக்கு அச்சமூட்டும் படங்களைக் காட்டினர். மனிதன் முகத்திலே பெரிய சிலந்தி ஊர்வது போன்ற படங்கள். வியர்வையையும் கண்ணிமைப்பையும் கருவியால் அளந்தனர். கூடுதலாகத் திடுக்கிட்டவர்கள் மரண தண்டனையையும் படைச் செலவையும் ஆதரிப்போர் என்றனர். உலகெங்கும் பேச்சாயிற்று. 2020-இல் வேறொரு குழுவினர் 200 பேருக்கு மேல் திரட்டி மீண்டும் சோதித்தபோது, அப்படி எதுவும் தெரியவில்லை. இருபக்கத்தாரும் ஒன்றுபோலவே திடுக்கிட்டனர். சிலந்திக்குக் கட்சி கிடையாது போலும்!

சரி, சாய்வு என்பது சிறிதாயினும் உண்டே, அது எந்தப் பக்கம் சாயும் என்பதைப் பிறப்பா முடிவு செய்கிறது? இதற்கு மாஸ்கோவிலிருந்து விடை வந்தது. சோவியத் நாடு கலையும் காலத்திலே, அமெரிக்க அறிஞர் ஒருவரும் ரஷ்ய அறிஞர் இருவரும் அங்கே அதே வகை வினாக்களைக் கேட்டு, 1992-இல் முடிவை வெளியிட்டனர். அதிகாரத்துக்கு அடங்கி, வழக்கத்தைப் போற்றி, மீறுவோரைத் தண்டிக்கத் துடிக்கும் அதே இயல்பினர் அங்கும் இருந்தனர். அமெரிக்காவிலே அவர்கள் கம்யூனிசத்தைக் கண்டால் கொதிப்பவர்கள். ரஷ்யாவிலே? தனியார் முதலாளித்துவத்தைக் கண்டு கொதித்தார்கள். சமமாகப் பங்கிடு என்றார்கள்! சுபாவம் ஒன்று, கொள்கை நேரெதிர். காரணம் எளிது. எந்த ஊரிலே எது பழகிய ஒழுங்கோ, அதைக் காப்பதே அவர்கள் இயல்பு. அந்த ஒழுங்கு என்ன என்பதைத் தொட்டிலோ கருப்பையோ தீர்மானிக்கவில்லை. ஊரும் ஆட்சியும் பள்ளியும் தீர்மானித்தன.

சுபாவம் வண்டிமாடு போன்றது. ஒன்று விரைந்து ஓடும், ஒன்று அடிமேல் அடி வைக்கும். ஆனால் வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்பதை மாடு சொல்வதில்லை. இரட்டையரை வைத்து 2005-இல் அமெரிக்காவில் செய்த ஆராய்ச்சியும் இதையே ஒட்டி நிற்கிறது. பொதுவான அரசியல் மனப்பாங்கிலே மரபுக்கு ஒரு பங்குண்டு என்றது. ஆனால் எந்தக் கட்சி என் கட்சி என்பதை நிர்ணயிப்பதில் மரபின் பங்கு சிறிது, வளர்ந்த வீட்டின் பங்கே பெரிது என்றும் சொன்னது. கட்சிக்கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு எந்தக் குழந்தையும் பிறப்பதில்லை!

எல்லாவற்றுக்கும் மேலான சான்று ஒன்றைக் கடைசியில் வைக்கிறோம். கறுப்பரும் வெள்ளையரும் மணம் புரிந்துகொள்வதை ஏற்கிறீர்களா என்று 1958-இல் காலப் நிறுவனம் அமெரிக்க மக்களைக் கேட்டது. நூற்றுக்கு 4 பேர் ஏற்றனர். நான்கே பேர்! அன்று ஒருவர் எழுந்து, "பிறவிக் குணம் இது, இனத்தோடு இனம் சேரவே மனித இயல்பு விரும்பும், மாற்ற முடியாது" என்று சொல்லியிருந்தால், மறுக்க எந்தப் புள்ளிவிவரமும் கைவசம் இருந்திராது. அதே கேள்வியை 2021-இல் கேட்டனர். நூற்றுக்கு 94 பேர் ஏற்றனர்!

அறுபத்து மூன்று ஆண்டிலே அமெரிக்கரின் இரத்தமா மாறிவிட்டது? புதுமை நாடுவோர் மட்டுமே பிறந்து, பழமை பேணுவோர் பிறக்காமற் போனார்களா? இல்லை. அன்று இருந்த அச்சக்காரரும் ஆர்வக்காரரும் இன்றும் இருக்கிறார்கள். மாறியது என்ன? பேருந்திலே எழுந்திருக்க மறுத்தார்கள். உணவு விடுதியிலே அடிபட்டும் அமர்ந்திருந்தார்கள். தேவாலயத்திலே பேசினார்கள், தெருவிலே நடந்தார்கள், வழக்கு மன்றம் ஏறினார்கள். அத்தகைய மணத்துக்குத் தடை விதித்த சட்டங்களை 1967-இல் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. எந்த மாநிலத்துச் சட்டத்தை எதிர்த்து வந்த வழக்கு தெரியுமோ? வெர்ஜீனியா! இரட்டையரை அளந்து, இயல்பை ஆராய்ந்த அதே வெர்ஜீனியா. பின்னர் வந்த தலைமுறை, கலப்பு மணத்தைப் பழகிய ஒழுங்காகவே கண்டு வளர்ந்தது. பழமை பேணும் இயல்பினனும் இன்று அதை எதிர்க்கக் காரணம் காணவில்லை.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? "அவன் சுபாவம் அப்படி, அவனிடம் பேசிப் பயனில்லை" என்று சொல்கிறோமே, கூட்டம் முடிந்து தேநீர்க் கடையிலே நிற்கும்போது எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! அது அவனைப் பற்றிய உண்மையன்று, நமது களைப்பு. மாற்றம் என்றதும் அஞ்சுகிறவன் எதிரியல்லன்; அவன் கேட்பது, "இருப்பதும் போய்விடுமோ?" என்ற கேள்வி. அதற்கு விடை சொல்லாமல், "பிற்போக்கு!" என்று பட்டம் சூட்டினால், விடை தெரியாதவர்கள் நாமே ஆகிறோம். துள்ளும் இளைஞனுக்குப் பேசிய பேச்சையே தயங்கும் முதியவருக்கும் பேசிவிட்டு, அவர் வாக்களிக்கவில்லை என்று அவர் குணத்தைக் குறைகூறுவது முறையாகாது. கட்சிக்குள்ளும் இதே கதைதான். முன்னே ஓடும் தோழர், கணக்கெழுதும் தோழரை "கோழை" என்கிறார். கணக்கெழுதுபவர், ஓடுபவரை "அவசரக்காரர்" என்கிறார். ஓடுபவர் இல்லாவிட்டால் கூட்டமே கூடாது. கணக்கர் இல்லாவிட்டால் கூட்டத்துக்குப் பந்தல் போட்டவருக்குக் கூலி போய்ச் சேராது!

எதிர்த்துப் பேசுகிறவனை நோயாளி என்று முத்திரை குத்துவது எளிது. யென்ஷ் அதைத்தான் செய்தார். அவர் "சீரழிந்தவர்" என்று எழுதிய மக்களை ஆட்சி என்ன செய்தது என்பதை உலகம் கண்டது. வாதத்தால் வெல்ல வேண்டியவனை வகையாக்கி ஒதுக்கும் பழக்கம், எந்தக் கொடியின் கீழ் வளர்ந்தாலும் நல்லதற்கல்ல. அவன் கையிலும் ஒரு வாக்கு இருக்கிறது. பேசினால் கேட்கும் காது உண்டு என்ற நம்பிக்கையின் மீதுதான் அந்த வாக்குரிமையே நிற்கிறது.

நாளை மாலையும் கூட்டம் உண்டு. முன்வரிசையிலே கைகட்டி, முகத்தைச் சுளித்தபடி ஒருவர் அமர்ந்திருப்பார். அவரை நோக்கியே பேசுவோம். பேசுவதற்கு முன் நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: நாம் சில ஆண்டுகளாக "நாய், நாய்" என்று சொல்லி வருகிறோமே, அந்தப் படம் இப்போது என்னவாக இருக்கிறது?